அத்தியாயம் 6: உருண்டைப் பெல்ட்டைத் தேர்ந்தெடுப்பது

தலவாக்கலையைத் தாண்டி வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன் என்று ரயில் ஏறிப்போகும் இந்தப் பக்கத்தில் தேயிலை ஸ்டோர்கள் மழைக்காலத்திலும் இரவிலும் ஓடுகின்றன. ரோலர், டிரையர் போன்ற பெரிய மெசின்களுக்கு டீமேக்கரும் ஃபிட்டரும் எப்போதும் காது கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். மாதிரித் தேயிலை சலிக்கும் சின்னச் சல்லடை, பொதி நகர்த்தும் உருளைப் பாதை, சாணைக் கல், கடைத்தெருத் தையல் மெசின் ஆகியவற்றில் ஓடும் விரல் தடிப்பு உருண்டைப் பெல்ட்டை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது அறுந்த பிறகுதான் தேடத் தொடங்குகிறோம். கையில் அகப்பட்டதை வெட்டி மாட்டுகிறோம். அது கொஞ்ச நாளில் மறுபடி அறுகிறது.

இந்த அத்தியாயம் சொல்வது ஒன்றைத்தான்: பழைய பெல்ட்டைப் பார்த்துப் புதிய பெல்ட் வாங்காதீர்கள். புல்லியையும், சுமையையும், மெசின் நிற்கும் அறையையும் பார்த்து வாங்குங்கள். பழைய பெல்ட்டே தவறான பெல்ட்டாக இருந்திருக்கலாம்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

ஒரு காலத்தில் ஸ்டோர் முழுவதும் ஒரே இயந்திரத்தின் பலத்தில் ஓடியது. கூரைக்குக் கீழே நீளமாக ஒரு ஷாஃப்ட் சுழலும். அதிலிருந்து ஒவ்வொரு மெசினுக்கும் அகலமான தோல் பட்டை இறங்கும். 1925இல் கட்டிய பழைய ஸ்டோர் ஒன்றில்தான் கண்டி ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகம் இயங்குகிறது. அங்கே போனால் அந்தக் காலத்து இயந்திரங்களைக் கிட்ட நின்று பார்க்கலாம். இன்று மெசினுக்கு ஒரு மோட்டர் வந்துவிட்டது. கனமான வேலையை வி பெல்ட்டும் கியர் பெட்டியும் சங்கிலியும் பங்கு போட்டுக்கொண்டன.

உருண்டைப் பெல்ட்டுக்கு மிஞ்சியது இலேசான வேலை. அதில் அதற்கு நிகரில்லை. எந்தப் பக்கமும் வளையும். முறுக்கி மாட்டலாம். ஒன்றுக்கொன்று குறுக்காக நிற்கும் இரண்டு ஷாஃப்ட்டுகளை இணைக்கலாம். எட்டு வடிவில் மாட்டினால் சுழலும் திசை மாறும். பெல்ட் தன்னையே உரசும் அந்தக் குறுக்கிடத்தில் தேய்மானம் கூடும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, ஷாஃப்ட்டையும் பெயரிங்கையும் கழற்றாமல் மெசின் மேலேயே வெட்டி ஒட்டிவிடலாம்.

உருளைப் பாதை இதற்கு நல்ல உதாரணம். பாதைக்கு அடியில் ஒரு நீளமான ஷாஃப்ட் ஓடும். அதிலிருந்து ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சின்ன உருண்டைப் பெல்ட் கால் சுற்று முறுக்கி ஏறும். பொதி எங்காவது முட்டி நின்றால் பெல்ட் வழுக்கும், உருளை நிற்கும், மோட்டர் எரியாது. இந்த இடத்தில் வழுக்குவது நல்ல குணம்.

அரைக் குதிரைவலுவுக்கு மேற்பட்ட மோட்டர், அடிக்கடி உதறி நின்று ஓடும் மெசின், இரண்டு ஷாஃப்ட்டும் பல் பிசகாமல் ஒன்றாகச் சுழல வேண்டிய இடம் ஆகிய மூன்றுக்கும் உருண்டைப் பெல்ட் வேண்டாம். முதல் இரண்டுக்கு வி பெல்ட், மூன்றாவதுக்குப் பல் பெல்ட் அல்லது சங்கிலி. தேயிலை ரோலருக்கு உருண்டைப் பெல்ட்டை நினைக்கவே கூடாது.

சின்னப் புல்லியை முதலில் அளவுங்கள்

மெசினில் உள்ள புல்லிகளில் எது சின்னதோ அதுதான் பெல்ட்டின் தடிப்பைத் தீர்மானிக்கிறது. தடித்த பெல்ட் சின்னப் புல்லியைச் சுற்றும்போது வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். நிமிடத்துக்குப் பல நூறு தடவை இது நடந்தால் பெல்ட் உள்ளே சூடாகி, ஒட்டிய இடத்தில் விரிந்து, ஒரு நாள் விட்டுப்போகும்.

கடைகளில் அதிகம் கிடைப்பது பச்சை நிறப் பொலியூரித்தேன் பெல்ட். அதன் நடுத்தர வகைக்குச் சின்னப் புல்லியின் விட்டம், பெல்ட் விட்டத்தைப்போல் குறைந்தது 8 முதல் 10 மடங்கு இருக்க வேண்டும். 5 மில்லிமீற்றர் பெல்ட்டுக்கு 40 முதல் 50 மில்லிமீற்றர் புல்லி. 10 மில்லிமீற்றர் பெல்ட்டுக்கு 80 முதல் 100. கடினமான வகைக்கும், நடுவில் நூல் வைத்த வகைக்கும் இதைவிடப் பெரிய புல்லி வேண்டும். அந்த எண் தயாரிப்பாளரின் அட்டவணையில் இருக்கும். அதைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

"அறுந்துபோகுது, இன்னும் தடிப்பாப் போடு" என்பதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் வேலை. சின்னப் புல்லியில் அது நோயைக் கூட்டும். 8 மில்லிமீற்றர் பெல்ட் அறுந்துகொண்டே இருக்கும் 45 மில்லிமீற்றர் புல்லியில், 5 மில்லிமீற்றர் பெல்ட் அதிக நாள் ஓடலாம். சுமை அதற்கு ஏற்றதாக இருந்தால் போதும்.

புல்லியின் பள்ளத்தையும் பாருங்கள். அரைவட்டப் பள்ளத்தில் பெல்ட் மெத்தென்று உட்காரும், தேய்மானம் குறைவு. வி வடிவப் பள்ளம் இரு பக்கமும் நெருக்கிப் பிடிப்பதால் இழுவை கூடும். அதில் பெல்ட் அடித்தரையைத் தொடக்கூடாது. தொட்டால் பிடி போய்விட்டது என்று அர்த்தம். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். துருவின் சொரசொரப்பும் கூரான விளிம்பும் இருந்தால் புதிய பெல்ட் மாட்டுவதற்கு முன் அதைச் சீராக்குங்கள். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பெல்ட்டும் வெட்டுவிழுந்த பள்ளத்தில் நிற்காது.

அறையைப் பார்த்து வகையைத் தீர்மானியுங்கள்

ஒரே ஸ்டோருக்குள் மூன்று காலநிலை இருக்கிறது. புளிக்க வைக்கும் இடத்தில் காற்றில் ஈரம் மிக அதிகம். டிரையருக்குள் போகும் காற்று 90 பாகை செல்சியசுக்கு மேல், பக்கத்து இரும்புச் சட்டமும் சுடும். சலிப்பறையில் காற்று உலர்ந்திருந்தாலும் மயிர்போன்ற தேயிலைத் தூசு எங்கும் படியும். ஒரே பெல்ட் மூன்று இடத்துக்கும் சரிவராது.

தோல். காலால் மிதிக்கும் பழைய சிங்கர் தையல் மெசினில் இன்றும் ஓடுவது தோல் கயிறுதான். இரு முனையிலும் துளை போட்டுக் கம்பிக் கொக்கியால் இணைப்பார்கள். மெதுவாகச் சுழலும் பெரிய சக்கரத்துக்கு அது நன்றாகப் பொருந்தும். ஆனால் மூடுபனி இறங்கும் மாதங்களில் ஈரத்தை உறிஞ்சித் தொய்யும். எண்ணெய் பட்டால் வழுக்கும். தொய்ந்தால் கொக்கிக்குப் பக்கத்தில் கால் அங்குலம் வெட்டி மறுபடி துளையுங்கள். கொக்கியின் கூரான முனையைத் தோலுக்குள் மடித்து அடித்துவிட வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் சேலையை இழுக்கும்.

இறப்பர். உருளைக்கு உருளை மாட்டும் வளையங்களுக்கு நல்லது. சத்தமில்லாமல் ஓடும். எண்ணெயும் கிரீசும் பட்டால் ஊதிப் பருக்கும். வழுக்கினால் கருகி நாறும். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும் பண்டம். தயாரான தேயிலை திறந்து கிடக்கும் இடத்தில் இறப்பர் கருகினால் நட்டம் பெல்ட்டோடு நிற்காது.

பொலியூரித்தேன். எல்லாவற்றுக்கும் நடுவில் நிற்பது இதுதான். தேய்மானத்தையும் சாதாரண எண்ணெயையும் தாங்கும், ஒட்டுவது சுலபம். இதில் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, 60 பாகைக்கு மேல் தொடர்ந்து சூடானால் தளர்ந்து நீளும். ஆகவே டிரையரின் ஓரத்தில் இதைப் போடாதீர்கள். இரண்டு, பொலியூரித்தேனில் பொலியெஸ்டர் அடிப்படை, பொலியீதர் அடிப்படை என்று இரண்டு இனங்கள் இருக்கின்றன. முதல் இனத்தைச் சூடும் ஈரமும் சேர்ந்து உள்ளிருந்தே சிதைத்துவிடும். வெளியே புதிதுபோல் தெரியும், வளைத்தால் வெடிக்கும். புளிக்க வைக்கும் பக்கமும் கழுவும் இடமும் என்றால் பொலியீதர் இனத்தையே கேட்டு வாங்குங்கள். தேயிலை நேரடியாகத் தொடும் இடம் என்றால் உணவுத் தரச் சான்று உள்ளதா என்றும் கேளுங்கள்.

பொலியெஸ்டர் எலாஸ்டோமர். பொலியூரித்தேனைவிடக் கடினம், அதிகச் சூட்டைத் தாங்கும், குறைவாக நீளும். பெரிய புல்லி வேண்டும். சூடான இடத்துக்கு இதைப் பாருங்கள். அதற்கும் முன்னால், பெல்ட்டை அந்தச் சூட்டிலிருந்து ஓர் அடி தள்ளிப் பொருத்த முடியுமா என்று யோசியுங்கள். அதைவிட மலிவான தீர்வு இல்லை.

நூல் வைத்த பெல்ட். நடுவில் பொலியெஸ்டர் நூல் ஓடும். நீளாது, அதிகம் இழுக்கும். நீளாத பெல்ட்டுக்கு மோட்டரை நகர்த்தி இறுக்கும் வசதி கட்டாயம் வேண்டும்.

சொரசொரப்பான மேற்பரப்பு, வழுவழுப்பான மேற்பரப்பு என்றும் பிரிவு உண்டு. ஈரமும் தூசும் உள்ள இடத்தில் சொரசொரப்பானது பிடிக்கும். பொருள் மேலே நின்று வழுக்கிப் போக வேண்டிய இடத்துக்கு வழுவழுப்பானது.

சுமைக் கணக்கு

காகிதமும் பேனாவும் எடுங்கள். கால் குதிரைவலு மோட்டர் என்றால் 186 வாட். நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தில் நான்கு முனை மோட்டர் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,440 சுற்று, அதாவது விநாடிக்கு 24 சுற்று. மோட்டர் புல்லி 50 மில்லிமீற்றர் என்று வையுங்கள்.

பெல்ட்டின் வேகம்: 3.14 × 0.05 × 24 = விநாடிக்கு 3.77 மீற்றர்.
பெல்ட் இழுக்க வேண்டிய விசை: 186 ÷ 3.77 = 49 நியூட்டன், ஏறத்தாழ 5 கிலோ.

மெசின் தொடங்கும்போது ஏற்படும் உதறலுக்காக ஒன்றரை மடங்கு சேர்த்தால் 7.5 கிலோ. 50 மில்லிமீற்றர் புல்லிக்கு 6 மில்லிமீற்றருக்கு மேல் பெல்ட் போட முடியாது என்று முன்பே பார்த்தோம். ஒற்றை 6 மில்லிமீற்றர் பெல்ட் இந்த விசைக்குத் திணறும்.

இப்போது மோட்டர் புல்லியை 100 மில்லிமீற்றராக மாற்றுங்கள். வேகம் இரட்டிப்பாகும். இழுக்க வேண்டிய விசை 2.5 கிலோவாகக் குறையும். பெல்ட்டையும் தடிப்பாக்கலாம். மெசினின் வேகம் மாறாமல் இருக்க மறுபக்கப் புல்லியையும் இரட்டிப்பாக்க வேண்டும். இடம் இருந்தால் இதுவே நல்ல வழி. இடம் இல்லாவிட்டால் இரட்டைப் பள்ளப் புல்லியில் இரண்டு பெல்ட் ஓட்டுங்கள், அல்லது வி பெல்ட்டுக்கு மாறுங்கள். நீங்கள் கண்ட கிலோக் கணக்கை அட்டவணையில் உள்ள இழுவை எண்ணோடு ஒப்பிட்டுத்தான் தடிப்பை முடிவு செய்ய வேண்டும்.

நீளம்

நீளத்துக்கு இரு ஷாஃப்ட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரமும், இரு புல்லிகளின் விட்டமும் தேவை. விட்டத்தைப் பெல்ட்டின் நடுக்கோட்டில் எடுங்கள்.

நீளம் = 2 × தூரம் + 1.57 × (பெரிய விட்டம் + சின்ன விட்டம்) + (விட்ட வித்தியாசத்தின் வர்க்கம் ÷ (4 × தூரம்))

தூரம் 400, பெரிய புல்லி 150, சின்னப் புல்லி 60 மில்லிமீற்றர் என்றால்: 800 + 330 + 5 = 1,135 மில்லிமீற்றர்.

இது மாட்டிய நிலையில் உள்ள நீளம். நூல் இல்லாத நடுத்தரப் பொலியூரித்தேனை 4 முதல் 8 சதவீதம் இழுத்து மாட்ட வேண்டும். 6 சதவீதம் என்று வைத்தால், 1,135 ÷ 1.06 = 1,071 மில்லிமீற்றர். ஒட்டும்போது உருகிப்போவதற்கு 2 மில்லிமீற்றர் சேர்த்து 1,073இல் வெட்டுங்கள்.

இன்னும் இறுக்கமாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். அளவுக்கு மீறிய இழுவை முழுவதும் மோட்டர் பெயரிங்கின் தலையில்தான் விழும். பெல்ட் மலிவு, பெயரிங்கும் அதை மாற்றும் நேரமும் மலிவில்லை. புதிய பெல்ட் முதல் நாளில் கொஞ்சம் தளரும். மறுநாள் காலையில் ஒரு தடவை பாருங்கள்.

ஒட்டுதல்

மலைநாட்டில் ஒட்டு விட்டுப்போவதற்கு அதிகம் காரணமாவது ஈரம். பொலியூரித்தேன் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமான முனையை உருக்கினால் உள்ளே குமிழி கட்டும். வெளியே ஒட்டியதுபோல் இருக்கும், மேற்கொண்டு இழுத்ததும் அந்தக் குமிழியில்தான் கிழியும். பெல்ட் சுருளை மூடிய பையில், உலர்ந்த அலுமாரியில் வையுங்கள். ஒட்டுவதற்கு முன் முனைகளை உலர வைத்துத் துடையுங்கள்.

1. கூரான பிளேட்டால் முனைகளை நேர் செங்கோணமாக வெட்டுங்கள். ஆக்சோ பிளேட் வேண்டாம், பிசிறு விடும்.
2. பெல்ட்டை முதலில் மெசினில் சுற்றிவிட்டு, பிறகு முனைகளைப் பிடிகருவியில் பொருத்துங்கள். முறுக்கு விழவில்லையென்று பாருங்கள்.
3. சூடான தகட்டின் இரு பக்கமும் முனைகளை இலேசாகத் தொட வையுங்கள். சுற்றிலும் மெல்லிய வளையமாக உருகி வரும்வரை பொறுங்கள். நிறம் மாறினாலோ புகைந்தாலோ சூடு அதிகம்.
4. தகட்டை எடுத்த அதே கணத்தில் முனைகளை நேராகச் சேருங்கள். அழுத்திப் பிழியாதீர்கள்.
5. கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறும்வரை பிடியைத் தளர்த்தாதீர்கள். அவசரப்படும் இடம் இதுதான்.
6. ஆறிய பிறகு, பிதுங்கிய வளையத்தைக் கட்டரால் சுற்றிவர நறுக்குங்கள். ஒட்டை மடக்கி, முறுக்கி, இழுத்துப் பாருங்கள்.

கருகும் பொலியூரித்தேனின் புகை நுரையீரலுக்குக் கேடு. ஜன்னலைத் திறந்துவைத்து, முகத்தைத் தள்ளி வைத்து வேலை செய்யுங்கள். மெழுகுதிரியில் காட்டி ஒட்டுவதை விட்டுவிடுங்கள். ஒரு பக்கம் கருகும், மறுபக்கம் உருகாது. கரண்ட் இல்லாத இரவுக்குத் துளையுள்ள பெல்ட்டும் அதற்குள் செருகும் உலோக இணைப்பும் ஒரு சோடி வைத்திருங்கள். விடியும்வரை தாங்கும். விடிந்ததும் ஒழுங்காக ஒட்டிய பெல்ட்டை மாட்டிவிடுங்கள்.

கடையில்

தலவாக்கலையிலோ அட்டனிலோ கிடைக்காதது கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும். எங்கே போனாலும் பேச்சு இப்படி இருக்க வேண்டும்:

"எட்டு எம்எம் பச்சை பெல்ட் ரெண்டு மீற்றர் குடுங்க அண்ணே."

"எந்த மெசினுக்குத் தம்பி? சின்னப் புல்லி எவ்வளவு?"

இப்படித் திருப்பிக் கேட்கும் கடைக்காரர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள்: சின்னப் புல்லியின் விட்டம், மோட்டரின் வலுவும் சுற்றும், அறையின் சூடும் ஈரமும், பள்ளத்தின் வடிவம். பழைய பெல்ட்டில் ஒரு துண்டும் எடுத்துப் போங்கள். ஆனால் அதை அளக்கும்போது கவனம். ஓடிய பெல்ட் நீண்டு மெலிந்திருக்கும். வேர்னியரால் பல இடங்களில் அளந்து, அதிகமாக வரும் எண்ணை எடுங்கள்.

அறுந்த பெல்ட் சொல்லும் சேதி

அறுந்ததைக் குப்பையில் போடுவதற்கு முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

ஒட்டிய இடத்திலேயே அறுந்து, உள்ளே குமிழி தெரிந்தால் ஈரம். குமிழி இல்லாமல் வழுவழுப்பாக விட்டிருந்தால் சூடு போதவில்லை. ஒட்டு நன்றாக இருந்து வேறு இடத்தில் குறுக்கே வெடித்திருந்தால் புல்லி சின்னது, அல்லது ஈரம் பெல்ட்டைச் சிதைத்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் புல்லிகள் நேரில் இல்லை. மேற்பரப்பு கண்ணாடிபோல் மின்னினால் வழுக்கியிருக்கிறது. இழுவை குறைவு, அல்லது சுமை அதிகம். புல்லிக்குக் கீழே பச்சைத் தூள் கொட்டிக் கிடந்தால் பள்ளத்தில் கூர்மை இருக்கிறது.

வழுக்கும் பெல்ட்டில் குங்கிலியத் தூளோ ஒட்டும் பசையோ தடவாதீர்கள். ஓர் இரவுக்குப் பிடிக்கும். மறுநாள் தேயிலைத் தூசு முழுவதும் அதில் அப்பிப் பள்ளத்தை அடைத்துவிடும். சலிப்பறையில் வழுக்கிச் சூடேறும் பெல்ட்டும் அதைச் சுற்றிப் படிந்த தூசும் நெருப்புக்கு அழைப்பு. வாரத்துக்கு ஒரு தடவை பள்ளத்தைத் தூரிகையால் துப்புரவு செய்யுங்கள்.

கையும் துணியும்

உருண்டைப் பெல்ட் மெல்லியது என்பதால் பயம் விட்டுப்போகிறது. மெல்லிய பெல்ட்டும் விரலைப் புல்லிக்குள் இழுக்கும். ஓடும் மெசினில் பெல்ட்டைத் தள்ளி மாட்டுவது, கையால் தடவி இழுவை பார்ப்பது இரண்டும் கூடவே கூடாது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைக் கழற்றுங்கள், அல்லது மெயினைப் பூட்டித் திறப்பை உங்கள் பையில் போடுங்கள். சலிப்பறையிலும் பொதி கட்டும் இடத்திலும் நம் பெண்கள் சேலை முந்தானையோடும் பின்னலோடும் பெல்ட்டுக்கு ஒரு முழத் தூரத்தில் நிற்கிறார்கள். கழற்றிய காவல் மூடியைத் திரும்ப மாட்டாமல் மெசினை அவர்களிடம் ஒப்படைக்க எந்த ஃபிட்டருக்கும் உரிமை இல்லை.

மெசினில் ஓர் அட்டை

இவ்வளவும் செய்து முடித்த பிறகு, கண்டுபிடித்ததை உங்கள் தலைக்குள் வைத்துக்கொள்ள வேண்டாம். இரவு முறையில் உங்களுக்குப் பதிலாக வருபவர் நேற்று வேலைக்குச் சேர்ந்த பையனாக இருக்கலாம். ஓர் அட்டையில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, காவல் மூடியின் உள்பக்கத்தில் கட்டுங்கள்:

– பெல்ட்டின் இனம், நிறம், விட்டம்
– வெட்டும் நீளம், மாட்டும் இழுவை சதவீதம்
– சின்னப் புல்லி, பெரிய புல்லி விட்டம்
– மாட்டிய திகதி, ஒட்டியவர் பெயர்
– முந்திய பெல்ட் எத்தனை நாள் ஓடியது, எப்படி அறுந்தது

ஒட்டிச் சோதித்த பெல்ட் ஒன்றையும் கூடவே தொங்கவிடுங்கள். புல்லியைக் கழற்றாமல் மாட்ட முடியாத மெசின் என்றால், வெட்டிய துண்டாக வையுங்கள். கடைசி வரியில் உள்ள நாள் கணக்கு ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனால் தெரிவு சரி. குறைந்தால் இந்த அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போய்ச் சின்னப் புல்லியை மறுபடி அளவுங்கள்.